ஷெல் ஸ்கிரிப்டுக்குத் தானியங்கிச் சோதனை: இரணைமடுவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இரணைமடுக் குளத்தின் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பர் மழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம். நீர்மட்டத்தைப் பார்த்து விவசாயிகளைக் குறுஞ்செய்தியில் எச்சரிக்கும் ஸ்கிரிப்டை அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ படிக்கும் பல்கலைக்கழக மாணவர் ஒரே மாலையில் எழுதிவிடலாம். அதை நம்பலாமா என்பதை மழைக்கு முன்பே அறிவதுதான் பெரிய வேலை.

1. பாட்ஸை நிறுவுங்கள்

பாஷ் (Bash) ஷெல் ஸ்கிரிப்ட்களைச் சோதிக்கும் இலவசக் கருவி பாட்ஸ் (Bats). உபுண்டு, டெபியன் களஞ்சியங்களில் இருக்கிறது. நிறுவிய பின் இணையம் தேவையில்லை.

2. எல்லையின் இரு பக்கமும் சோதியுங்கள்

நம் ஸ்கிரிப்ட் அடியை 12ஆல் பெருக்கி அங்குலத்தைக் கூட்டும். 36 அடிக்குச் சமமான 432 அங்குலம் அல்லது அதற்கு மேல் வந்தால் எச்சரிக்கும். 35 அடி 11 அங்குலத்துக்கு எச்சரிக்கை வரக்கூடாது. 36 அடிக்கு வரவேண்டும். இவை இரண்டு தனித்தனிச் சோதனைகள். ஸ்கிரிப்டை பாட்ஸின் ‘ரன்’ (run) கட்டளையால் இயக்கி, முடிவுக் குறியீட்டையும் வெளியீட்டையும் ஒப்பிடுங்கள். ஸ்கிரிப்ட் தோற்றாலும் ‘ரன்’ தோற்காது. ஒப்பிடும் வரியை விட்டுவிட்டால் பிழையான ஸ்கிரிப்டும் சித்தியடைந்துவிடும்.

3. 08, 09 என்ற பொறி

புதியவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை பாஷின் கணக்கீடு எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. நீர்மட்டப் பதிவேட்டில் ‘36 அடி 07’ என்றிருந்தால் கணக்கு சரியாக வரும். ‘36 அடி 08’ என்றால் பிழை. குளம் நிரம்பி வழியும் வேளையில் எச்சரிக்கை போகாமலே இருந்துவிடலாம்! கண்ணால் ஓரிரு எண்களைப் பார்த்துச் சரி என்பவருக்கு இது அகப்படாது. 07, 08, 09 மூன்றுக்கும் சோதனை எழுதுங்கள். தோற்பதைப் பார்த்தபின், கணக்கீட்டில் அங்குல மாறியின் முன் 10# சேருங்கள். எண் பதின்மமாகவே வாசிக்கப்படும். வெற்று உள்ளீடு வந்தால் ஸ்கிரிப்ட் சத்தமாகத் தோற்கவேண்டும். அதற்கும் ஒரு சோதனை வேண்டும்.

4. குறுஞ்செய்தியைப் போலியாக்குங்கள்

சோதனையின்போது விவசாயிகளுக்கு உண்மையான எச்சரிக்கை போகக்கூடாது. அனுப்பும் கட்டளையின் பெயரிலேயே சிறு போலி ஸ்கிரிப்ட் ஒன்றைத் தற்காலிக அடைவில் வைத்து, கட்டளைத் தேடல் பாதையில் (PATH) அந்த அடைவை முதலில் சேருங்கள். போலி, செய்தியை ஒரு கோப்பில் எழுதட்டும். சோதனை அந்தக் கோப்பை வாசிக்கட்டும்.

5. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓட்டுங்கள்

ஒரு வரியை மாற்றினாலும் எல்லாச் சோதனைகளையும் ஓட்டுங்கள். சில விநாடிகளே ஆகும். ஐப்பசி மழை தொடங்குமுன் இவற்றை எழுதி முடித்துவிடுங்கள்.