உறைபனியிலிருந்து பயிரைக் காக்கும் வழிகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் நீலகிரி மாவட்டத்தில் உறைபனிக் காலம் தொடங்கிவிடுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகை, தலைகுந்தா, அவலாஞ்சி பகுதிகளில் விடியற்காலையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் ஒரே இரவில் கருகிப் போவதுண்டு.

உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலமும் இலைகளும் இரவில் வெளியே விட்டுவிடுகின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை, மேலேயுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் உள்ளது. ஆகவே செய்தியில் 3 டிகிரி செல்சியஸ் என்று கேட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அதே நேரத்தில் தரையை ஒட்டிய செடி உறைந்து கொண்டிருக்கலாம்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தோட்டம் தப்ப, ஓடையோரத் தோட்டம் கருகுவது இதனால்தான். சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த வேலி இருந்தால், அணை கட்டியது போல் குளிர்காற்று அங்கேயே நின்றுவிடும். தோட்டத்தின் கீழ்ப்பக்க வேலியில் ஆங்காங்கே இடைவெளி விடுங்கள். பெரிய செலவில்லாத வேலை; ஆனாலும் பலர் செய்வதில்லை.

வானம் தெளிவாகக் காற்று அடங்கியிருந்தால், பகலிலேயே நீர் பாய்ச்சிவிட வேண்டும். ஈர மண் வெயிலின் வெப்பத்தை அதிகம் சேர்த்துவைத்து இரவில் மெல்ல விடும். நாற்றங்காலையும் இளந்தேயிலைச் செடிகளையும் மாலையிலேயே பெரணித் தழையால் மூடி, வெயில் ஏறியபின் எடுக்கலாம். குப்பையைக் கொளுத்திப் புகை போடுவதால் அதிகப் பயனில்லை. புகை, மேகத்தைப் போல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை.

தெளிப்பு நீர்ப்பாசனம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1 கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. அது இலையைக் காக்கும். ஆனால் 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 600 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பனி இறங்கும் முன்பே தெளிக்கத் தொடங்கி, வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்தினால், தெளிக்காத தோட்டத்தைவிட அதிகச் சேதம் ஏற்படலாம். விடியும்வரை ஓட்டப் போதிய தண்ணீர் இல்லாதவர்கள் இம்முறையைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

கருகிய தேயிலைச் செடியை உடனே கவாத்து செய்ய வேண்டாம். புதுத் துளிர் வந்தால் அடுத்த பனியில் அதுவும் போகும். பனிக்காலம் முடிந்து, உயிருள்ள கிளை எது என்று தெரிந்தபின் வெட்டலாம்.