ஊசி போகும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

கல்லீரல் சுருங்கிய நோயாளி ஒருவருக்கு வயிற்று நீர் எடுக்கப் போனாய், ஐஎன்ஆர் 2.4, பிளேட்லெட் 42 ஆயிரம் என்று ரிப்போர்ட் வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ரத்த வங்கியிலிருந்து பிளாஸ்மா வரட்டும் என்று காத்திருந்தாய் என எழுதியிருக்கிறாய். ரத்தக்கசிவுக்கு அஞ்சுவது நல்லதுதான். அந்த அச்சத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

ஐஎன்ஆர் என்பது வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மருந்தளவைக் கண்காணிக்க வந்த கணக்கு. கல்லீரல் கெட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் குறையும். அதை ஐஎன்ஆர் காட்டும். உறைதலைத் தடுக்கிற புரதம் சி, ஆன்டித்ராம்பின் இவையும் அதே கல்லீரலில்தான் உருவாகின்றன. அவையும் குறைந்திருப்பதை ஐஎன்ஆர் காட்டாது. கல்லீரல் கெட்டவரின் ரத்தம் இரண்டு தட்டிலும் எடை குறைந்த தராசு; முள் ஏறக்குறைய நடுவில்தான் நிற்கிறது. நாம் ஒரு தட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பதறுகிறோம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. 1,100 முறை நீர் எடுத்திருக்கிறார்கள். சிலருக்கு ஐஎன்ஆர் 8.7 வரை ஏறியிருந்தது, பிளேட்லெட் 19 ஆயிரம் வரை இறங்கியிருந்தது. குறிப்பிடும்படியான ரத்தக்கசிவு ஒருவருக்கும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வை நான் மாணவர்களிடம் விடாமல் சொல்வேன்: 4,729 முறை நீர் எடுத்ததில் கடுமையான ரத்தக்கசிவு 9 பேருக்கு, அந்த ஒன்பதில் எட்டுப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் முதலில் கிரியாட்டினினைப் பார். யூரியா ஏறிய ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அது ஒழுங்காக வேலை செய்யாது.

பிளாஸ்மா கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பாய். கெடும். ஏற்கெனவே அழுத்தம் கூடிய போர்ட்டல் சிரையில் இன்னும் அழுத்தம் ஏறும். நுரையீரலில் நீர் கோக்கலாம். இத்தனைக்கும் பிறகு ஐஎன்ஆர் பெரும்பாலும் சரியாவதில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு நேரம். அந்த நீரில் கிருமி இருக்கிறதா என்பது நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிக் கிருமி தாக்கியவர்களில், மருத்துவமனையில் சேர்ந்து 12 மணி நேரம் கடந்தபின் நீர் எடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு 2.7 மடங்கு அதிகம் என்று 2014இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பிளாஸ்மாவையோ பிளேட்லெட்டையோ வழக்கமாக முன்கூட்டி ஏற்ற வேண்டாம் என்பதே அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும்.

உன் அச்சம் முழுவதையும் ஊசி போகும் இடத்தில் வை. நேர்த்தசையின் பின்னால் எபிகாஸ்ட்ரிக் தமனி ஏறிப் போகிறது, நடுக்கோட்டிலிருந்து நாலு முதல் எட்டு சென்டிமீட்டர் தள்ளி. அதில் ஊசி பட்டால் பிளேட்லெட் இரண்டு லட்சம் இருப்பவருக்கும் ரத்தம் கொட்டும். இடது பக்கம், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரல் மேலே, இரண்டு விரல் உள்ளே என்பது பொதுவாகப் பாதுகாப்பான இடம். அங்கே வயிற்றுச் சுவர் மெலிந்திருக்கும், நீரும் ஆழமாக நிற்கும். மண்ணீரல் வீங்கி அதுவரை இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள். பழைய ஆபரேஷன் தழும்புக்கு அருகே போகாதே. தோலில் புடைத்துத் தெரியும் சிரைகளை விட்டு விலகு. தெரியாதவையும் உள்ளே உண்டு. அதனால் நீரின் ஆழம் பார்த்த பிறகு லீனியர் புரோபை மாற்றி, டாப்ளர் போட்டு, குத்தப்போகும் இடத்தில் ரத்தக் குழாய் எதுவும் ஓடவில்லை என்பதை உறுதி செய். ஸ்கேன் பார்த்தபின் நோயாளியைப் புரளவிட்டால், போட்ட குறி பயன்படாது.

கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரங்களும் உண்டு. ஈறிலும் ஊசி குத்திய இடங்களிலும் தானாகவே ரத்தம் கசிகிறதென்றால் தராசு உடைந்துவிட்டது. நிறுத்திவிட்டு மூத்தவரைக் கூப்பிடு. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐஎன்ஆர் உண்மையையே சொல்கிறது. செயற்கை வால்வு வைத்தவரின் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, இதய மருத்துவரைக் கேள். டெங்குவில் வயிற்றில் சேரும் நீரை, உயிருக்கு வேறு வழியில்லை என்றாலொழிய, தொடவே வேண்டாம். பிளாஸ்மாக் கசிவு நின்றதும் உடலே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை ஆல்புமின் கொடுப்பது உனக்குத் தெரிந்ததே.

ரத்தக்கசிவு உடனே வெளியே தெரியாது. சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ நாடி ஏறும், விலாப்புறம் கன்றிப்போகும், ஹீமோகுளோபின் இறங்கும். விலாப்புறம் கறுத்தாலோ, நோயாளிக்குத் தலை சுற்றினாலோ உடனே சொல்லும்படி கூட இருக்கும் உறவினருக்குப் புரியும் விதத்தில் சொல்லிவை. இரவுப் பணிக்கு வருபவரிடம் நீர் எடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம் எடுத்தாய், எத்தனை லிட்டர், முன்பு நாடி எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்பதையும் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
உன் அண்ணன்