விண்ணிலிருந்து வந்த விருந்தாளி

1977-ஆம் ஆண்டு நாசா ஏவிய வாயேஜர் 2 விண்கலத்தில், 55 மொழிகளில் வாழ்த்துரைகள் பதிவு செய்யப்பட்ட ஒலித்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. அதைக் கேட்டு, வேற்றுக்கிரகவாசி ஒருவர் உண்மையிலேயே வந்துவிட்டால் என்ன நடக்கும்? 1984-இல் ஜான் கார்ப்பென்டர் இயக்கத்தில் வெளிவந்த 'ஸ்டார்மேன்' திரைப்படம் இக்கற்பனையில்தான் தொடங்குகிறது.

அழைப்பை ஏற்று வந்தவனின் விண்கலத்தை அமெரிக்க இராணுவம் சுட்டு வீழ்த்துகிறது. உயிர் தப்பிய அவன், விஸ்கான்சின் மாநிலத்தில் தனியே வாழும் ஜென்னி என்னும் கைம்பெண்ணின் வீட்டை அடைகிறான். அவளுடைய மறைந்த கணவனின் தலைமுடியைக் கொண்டு, அக்கணவனைப் போலவே உருவெடுக்கிறான். மூன்று நாள்களுக்குள் அரிசோனாவிலுள்ள விண்கல் பள்ளத்தை அடையாவிட்டால் அவன் இறந்துவிடுவான். அவனுடைய கட்டாயத்தால் ஜென்னி அச்சத்துடன் மகிழுந்தில் புறப்படுகிறாள். வழியில், வேட்டையாடப்பட்ட மான் ஒன்றுக்கு அவன் மீண்டும் உயிர் கொடுப்பதைக் காண்கிறாள். அவளது அச்சம் நம்பிக்கையாகிறது. நம்பிக்கை காதலாகக் கனிகிறது.

துரத்தி வரும் இராணுவம் அவனிடம் ஆபத்தை மட்டுமே கண்டது. ஜென்னியோ, வீடு திரும்பத் தவிக்கும் ஓர் உயிரைக் கண்டாள். அழைப்பு அனுப்புவதோடு விருந்தோம்பல் முடிந்துவிடுவதில்லை. வந்தவரைப் புரிந்துகொள்வதில்தான் அது தொடங்குகிறது என்பதை இப்படம் உணர்த்துகிறது.