ஸம்ஸம் தண்ணீரும் மாமியாரின் மாத்திரையும்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 63. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. சிறுநீரகம் கெட்டு இப்போது வாரத்துக்கு 2 முறை டயாலிசிஸ் செய்கிறோம். போன மாதம் கொழுந்தனார் உம்ராவிலிருந்து 5 லிட்டர் ஸம்ஸம் கொண்டுவந்தார். அது வந்ததிலிருந்து மாமி மாத்திரைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ‘இதுதான் ஷிஃபா (நோய் நிவாரணம்)’ என்று வேளைக்கு ஒரு செம்பு குடிக்கிறார்கள். தீர்ந்துவிடுமே என்று அதில் நம் வீட்டுத் தண்ணீரையும் கலந்துகொள்கிறார்கள். மக்காவின் ஸம்ஸம் கிணறு வினாடிக்கு 8,000 லிட்டர் சுரக்கிறது, அந்த நீரின் படிகங்களைப் பார்த்து ஜப்பான் விஞ்ஞானி ஒருவர் வியந்தார் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் இதெல்லாம் கட்டுக்கதை என்கிறான். ஈமான் இல்லாதவன் என்று வீட்டில் அவனை ஏசுகிறார்கள். யார் சொல்வது சரி? கலப்பது, காய்ச்சுவது கூடுமா?
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: சகோதரி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மாத்திரையைக் குறைத்ததையும் வேளைக்கு ஒரு செம்பு தண்ணீர் குடிப்பதையும் இன்றைக்கே மாமியாரின் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர் அளவாகத்தான் இருக்க வேண்டும். வெளியேற வழியில்லாத நீர் காலில் வீக்கமாகத் தங்கும், நுரையீரலில் கோத்து மூச்சுத் திணறலாகும். எந்தக் கிணற்றுத் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

இனி மாமியாரின் நம்பிக்கையைப் பற்றி. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. குர்ஆனில் ஸம்ஸம் என்ற பெயர் வருவதில்லை. விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கில், இறையில்லத்தின் அருகே தம் சந்ததியைக் குடியமர்த்தியதாக இப்ராஹீம் நபி (அலை) கேட்ட துஆ 14ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மீதிக் கதையைப் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தோல்பையில் இருந்த தண்ணீர் தீர்ந்து, பச்சிளங்குழந்தை இஸ்மாயீல் தாகத்தில் துடித்தபோது, ஹாஜரா அம்மையார் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் 7 முறை ஓடினார்கள். அதன் பிறகே வானவர் தரையைத் தோண்ட நீர் பீறிட்டது. ஓடிவிடாமல் அம்மையார் அதைக் கையால் அணைகட்டினார்கள். அப்படியே விட்டிருந்தால் அது ஓடும் ஊற்றாகியிருக்கும் என்று நபி (ஸல்) பின்னாளில் சொன்னார்கள். ஒரு தாயின் ஓட்டத்தைத்தான் இன்றும் ஹாஜிமார் எல்லோரும் ஸஃயு என்று ஓடுகிறார்கள். இந்தத் தண்ணீரின் மதிப்பு என்னைப் பொறுத்தவரை இங்கேதான் இருக்கிறது. அந்த அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதை மாமியாரிடம் பதமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அதில் ஷிஃபா உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அபூதர் (ரலி) மக்காவில் வேறு உணவின்றி ஸம்ஸமைக் கொண்டே 30 நாள் இருந்ததாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அது பசித்தவருக்கு உணவு என்று நபி (ஸல்) சொன்னதும் அதில்தான். எந்த நோக்கத்துக்காகக் குடிக்கப்படுகிறதோ அது அதற்கே என்ற இப்னு மாஜாவின் ஹதீஸ் மிகப் பிரபலமானது. ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பழங்காலம் தொட்டுக் கருத்து வேறுபாடு உண்டு. அதே நபி (ஸல்) அவர்களிடம் கிராமத்து அரபிகள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஸம்ஸம் குடித்தால் மருந்தை நிறுத்த வேண்டும் என்று ஒரு ஹதீஸும் இல்லை.

உங்கள் மகனுக்கு வருகிறேன். நிலத்தடி நீர் என் படிப்பு, தொழில் இரண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கஅபாவுக்குக் கிழக்கே சுமார் 20 மீட்டர் தூரத்தில், சுமார் 30 மீட்டர் ஆழத்தில் மனிதர் கையால் தோண்டிய கிணறு அது. மேலே 13 மீட்டருக்கு மேல் இப்ராஹீம் பள்ளத்தாக்கின் வண்டல். அதன் கீழே மெல்லிய, சிதைந்த பாறை அடுக்கு. அதற்கும் கீழே 17 மீட்டர் அளவுக்குக் கெட்டியான டயோரைட் பாறை. தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சிதைந்த பாறை வழியாகவும் வண்டல் வழியாகவும் கசிந்து வருகிறது. சுற்றியுள்ள மலைகளில் பெய்யும் அபூர்வ மழைதான் அதற்கு மூலம். 1979இல் முக்குளிப்போரை இறக்கிக் கிணற்றைச் சுத்தம் செய்தபோது, கஅபாவின் பக்கமிருந்து வரும் பெரிய ஊற்றுக்கண்ணை நேரில் பார்த்தார்கள். யஹ்யா கூஷக் என்ற பொறியாளர் அந்தப் பணியை நடத்தினார்.

8,000 லிட்டர் கணக்கை உங்கள் மகனே போட்டுப் பார்க்கட்டும். ஒரு நாளுக்கு 69 கோடி லிட்டர் வரும். அதிக அகலமே 2.66 மீட்டர் உள்ள கிணற்றில் இது நடக்காது. சவூதி நிலவியல் ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு வினாடிக்கு 11 முதல் 18.5 லிட்டர் வரை. அதாவது ஒரு நாளில் 9 லட்சத்துக்கு மேல், அதிகம் போனால் 16 லட்சம் லிட்டர். பாலைவனப் பள்ளத்தாக்கின் ஒரே ஒரு கிணறு, இத்தனை நூற்றாண்டுகளாக, இவ்வளவு தருகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் பொய் எதற்கு? ஜப்பான் படிகக் கதையும் அப்படித்தான். அதில் வரும் மசாரு எமோட்டோ நீர் வேதியியலாளர் அல்ல. எந்தப் படிகத்தின் படத்தைக் காட்டுவது என்பதைப் படம் எடுத்தவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதை அறிவியல் என்று ஏற்க முடியாது.

சோதனைச்சாலை சொல்வது வேறு. ரியாத்தின் மன்னர் சவூது பல்கலைக்கழகப் பகுப்பாய்வின்படி ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 835 மில்லிகிராம், கால்சியம் 96, பொட்டாசியம் 43. லேசான காரத்தன்மை உள்ள கடினநீர் என்று சொல்லலாம். நாவில் தெரியும் அந்தச் சுவை இதனால்தான். 2011இல் லண்டன் கடைகளில் ஸம்ஸம் என்று விற்ற தண்ணீரையும், பயணி ஒருவர் கொண்டுவந்த மாதிரியையும் பிபிசி சோதிக்க வைத்தபோது ஆர்செனிக் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. சவூதி அதிகாரிகள் அதை மறுத்து, பிரான்ஸில் செய்த சோதனையைக் காட்டினார்கள். ஸம்ஸமை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய சவூதி அரசு அனுமதிப்பதில்லை. ஆகவே கடையிலோ இணையத்திலோ ஸம்ஸம் என்று விற்பதை வாங்காதீர்கள்.

சாதாரணத் தண்ணீரைக் கலப்பதற்கு மார்க்கத்தில் தடை இல்லை. பள்ளிவாசல் விழாக்களில் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று கலந்து கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கலந்தது என்று சொல்லிக் கொடுப்பதுதான் நேர்மை. மக்காவில் அதை வடிகட்டி, புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கித்தான் தருகிறார்கள். திறந்து செம்பிலும் குடத்திலும் ஊற்றி வைத்தால் எந்தத் தண்ணீரிலும் கிருமி சேரும், அதுவும் நம் வீட்டுத் தண்ணீர் கலந்த பிறகு நிச்சயம் சேரும். மாமியார் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கலக்காமல், மூடியிட்ட கேனிலிருந்து அப்போதைக்கப்போது ஊற்றிக் கொடுங்கள். காய்ச்சலாம். கிருமி சாகும், உப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஒரு சிறு டம்ளர், அதாவது 100 மில்லி ஸம்ஸமில் பொட்டாசியம் 5 மில்லிகிராம்கூட இருக்காது. உப்பால் கெடுதி வருமோ என்று அஞ்ச வேண்டாம். கவலை தண்ணீரின் அளவில்தான். ஒரு நாளில் இவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன கணக்குக்குள் அந்த ஒரு டம்ளரையும் சேர்த்துக்கொள்ளட்டும். பிஸ்மில்லாஹ் சொல்லி, கிப்லாவை நோக்கி உட்கார்ந்து, மனம் உருகி துஆ கேட்டு, மடக்கு மடக்காக மூன்று மூச்சில் குடிக்கட்டும்.

மகனை ஏச வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். அவன் மறுத்தது வாட்ஸ்அப் செய்தியை, ஸம்ஸமை அல்ல. அடுத்த முறை மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும்போது அவனையும் கூட அனுப்புங்கள். பாட்டி குறைத்த மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள், மருத்துவர் பார்க்கட்டும்.