செள்ளு இருக்குமிடம் கட்டை

அரும்பாவூரில் மரத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள் குறைவு. பச்சைமலை அடிவாரத்து ஊர் இது. ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தே எங்கே வெடிப்பு ஓடியிருக்கிறது, எங்கே உளுத்திருக்கிறது என்று சொல்லிவிடும் சிற்பிகள் இங்கே உண்டு. அவர்கள் செதுக்கும் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கோழிக்கூண்டின் குறுக்குக்கட்டையை மட்டும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

நானும் பார்க்காமல் இருந்தவன்தான். போன ஆடியில் எங்கள் வீட்டு அடைக்கோழி 15-ஆம் நாள் முட்டைகளை விட்டு இறங்கிவிட்டது. எத்தனை முறை பிடித்து உட்கார வைத்தாலும் நிற்கவில்லை. 11 முட்டையும் கூமுட்டையாகப் போயின. “கண்ணு பட்டிருக்கும்” என்றார் பெரியம்மா. இத்தனைக்கும் கூடையில் இரும்புத்துண்டும் காய்ந்த மிளகாயும் அடுப்புக்கரியும் போட்டுத்தான் அடை வைத்திருந்தோம். அன்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கூடைப் பின்னலின் இடுக்கெல்லாம் மிளகாய்த்தூள் தூவினாற்போல் செள்ளு. விரலால் நசுக்கினால் ரத்தம். அந்தக் கோழி 15 ராத்திரி அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதை இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது.

நம்பிக்கை: “பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.”

பெரும்பாலும் பேனுக்குத்தான் இந்தச் சோதனை பொருந்தும். பேன் பிறப்பதும் சாவதும் கோழியின் மேலேயே. ஆசனவாய்ப் பக்கத்து இறகையும் இறக்கையின் அடியையும் விலக்கினால் வைக்கோல் நிறத்தில் விறுவிறுவென்று ஓடும். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கட்டிகட்டியாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. கோழியை விட்டுப் பிரிந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. குழந்தைகள் தலையில் ஏறிக் குடியிருக்கும் என்று பயப்படவும் வேண்டாம். மனிதத் தலைப்பேன் வேறு இனம்.

செள்ளு அப்படியல்ல. சிவப்புச் செள்ளு பகல் முழுக்கக் கட்டையின் வெடிப்பிலும் ஆணி அடித்த பொருத்திலும் பதுங்கியிருந்து, இருட்டியபின் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடியுமுன் இறங்கிவிடும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். மனிதரையும் கடிக்கும்; ஆனால் நம் உடம்பில் தங்காது. பகலிலும் கோழியிலேயே கிடக்கும் செள்ளு வகையும் உண்டு. அது இருந்தால் ஆசனவாயைச் சுற்றிய இறகு அழுக்குப் பிடித்துக் கறுத்திருக்கும்.

உண்ணி இன்னும் பொல்லாதது. சப்பையாக, பழுப்பாக, சுவர்ச் சந்தில் ஒட்டிக் கிடக்கும். இரை இல்லாமல் சிவப்புச் செள்ளு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்றால், கோழி உண்ணி வருடக்கணக்கில் இருக்கும். நோய் வந்த கூண்டை இரண்டு மாதம் பூட்டிவைத்துவிட்டுப் புதுக்கோழி வாங்கி விடுகிறவர்கள் அதற்குப் பந்தி விரிக்கிறார்கள். உண்ணி கடித்துப் பரவும் ஒரு காய்ச்சலில் கோழி சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, கால் இழுத்துச் சாகும். பார்ப்பவர்கள் வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்துத் தடுப்பூசியைக் குறை சொல்வார்கள். கூண்டுச் சுவரை ஒருமுறை பார்த்திருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போயிருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டிய நேரம் ராத்திரி, பார்க்க வேண்டிய இடம் கட்டை. கோழி அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைத் துணியைக் குறுக்குக்கட்டையின் அடியில் அழுத்தித் தேயுங்கள். சிவப்புக் கறை படிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

நம்பிக்கை: “பருத்திக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி கலந்து முக்கி எடுத்தால் சுத்தமாகிவிடும்.”

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 2017 ஞாபகம் வரும். அந்த ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களே விஷம் ஏறி இறந்தார்கள். வளர்ந்த மனிதனைச் சாய்க்கிற மருந்து ஒரு கிலோ எடையுள்ள பறவையை என்ன செய்யும்? அலகால் இறகு கோதும்போது அது நேராக வயிற்றுக்குள் போகிறது; பிறகு முட்டைக்கு வருகிறது. அதே 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் செள்ளுக்காக ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லியைச் சட்டவிரோதமாகக் கலந்து அடித்தது வெளிவந்து, ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். வயல் மருந்து வயலுக்கு மட்டும்.

கோழிக்கு என்று இருக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் போடுங்கள். 1962-க்குக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை ஊர்தியும் உண்டு. ஒருமுறை போட்டதோடு விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மருந்து பேனைக் கொல்லும், பேன் முட்டையைக் கொல்லாது. பத்து நாள் கழித்து, பொரித்தவை மறுபடி முட்டையிடுவதற்குள், இரண்டாம் முறை போட வேண்டும். மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியைக் கோழிக்கும் போட்டுவிடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். முட்டையிடும் கோழிக்கு அது வேண்டாம்; முட்டையில் மிச்சம் தங்கும். இறகைத் தின்னும் பேனுக்கு அது சரியாகப் பிடிப்பதும் இல்லை.

நம்பிக்கை: “காலில் செதில் எழும்பினால் மண்ணெண்ணெயில் முக்கு.”

செதிலுக்கு அடியில் வளை தோண்டி வாழும் ஒரு செள்ளுதான் அதற்குக் காரணம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மெல்லத் துடைத்து, தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ வாசலினோ கனமாகப் பூசுங்கள். காற்று இல்லாமல் பூச்சி சாகும். வாரம் இரண்டு முறை, சில வாரங்கள். செதிலைப் பிய்க்கக் கூடாது; தானாக உதிரும்.

நம்பிக்கை: “மயில்தான் கொண்டுவந்து விடுகிறது. பாம்பைத் தின்னும் பறவைக்குப் பேன் பிடிக்காது, நம் கோழிக்குத் தள்ளிவிட்டுப் போகிறது.”

இதில் இரண்டு தப்பு. மயிலுக்கும் பேன் உண்டு. லின்னேயஸ் 1758-லேயே மயில் பேனுக்குப் பெயர் வைத்துவிட்டார். அது பெரும்பாலும் மயிலோடுதான் இருக்கும். செள்ளும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பறவை பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் மக்காச்சோளக் கொல்லையில் மேய்ந்துவிட்டு மரத்தில் அடையும் மயிலைவிட, சந்தையில் வாங்கி அன்றைக்கே கூண்டில் விடும் கோழியும், நாலு வீடு மாறி வரும் பழைய பஞ்சாரமும்தான் அதிகம் கொண்டுவருகின்றன. புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே கட்டிப்போடுங்கள்.

வேலி ஓரத்தில் கிடைத்த மயில் முட்டையைக் கோழிக்கு அடை வைப்பதும், குஞ்சு பொரித்தபின் “பேன் வந்திருக்கிறது, என்ன மருந்து?” என்று கேட்பதும் நம் பக்கத்தில் நடக்கிறது. பிரியத்தில் செய்கிறார்கள் என்று தெரியும். முருகன் வாகனத்தைச் செதுக்கும் ஊரில் மயில் மேல் பிரியம் இல்லாமல் இருக்குமா? ஆனாலும் மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையை எடுப்பதும் குஞ்சை வளர்ப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. குஞ்சுக்கும் அது நல்லதல்ல. கோழிகள் நோயில்லாமல் சுமந்து திரியும் ஒரு குடல் கிருமி மயில் குஞ்சைக் கொன்றுவிடும். அடிபட்ட மயிலையோ தாயில்லாக் குஞ்சையோ கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பேன் பார்ப்பதும் அவர்கள் ஏற்பாட்டில்தான் நடக்க வேண்டும்.

நம்பிக்கை: “மண்ணில் புரளும் கோழிக்குத்தான் பூச்சி பிடிக்கும்.”

நேர்மாறு. மண்குளியல்தான் அதன் சொந்த வைத்தியம். கலிபோர்னியாவில் செய்த ஆய்வில், மண்பெட்டியில் கந்தகத்தூள் கலந்து வைத்தபோது கோழிகள் தாமே புரண்டு பேனையும் செள்ளையும் ஒழித்தன. நம் கரிசல், ஐப்பசி மழைக்குக் களியாகிவிடும், புரள இடமிருக்காது. மழைக்காலத்தில் பூச்சி பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தாழ்வாரத்தில் ஒரு பழைய லாரி டயரைப் போட்டு, சலித்த மணலும் விறகுச் சாம்பலும் நிரப்பிவிட்டால் போதும்.

எங்கள் கூண்டைக் கழற்றிவிட்டோம். அந்தக் கூடையை எரித்தோம். கட்டைகளைக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயப்போட்டு, வெடிப்புகளில் மரத்தூளும் வச்சிரமும் குழைத்து அடைத்துக் கொடுத்தார் பக்கத்துப் பட்டறைத் தச்சர். சுவருக்குச் சுண்ணாம்பு. குறுக்குக்கட்டை இப்போது சுவரைத் தொடாமல் தனிக்காலில் நிற்கிறது. காலடியில் வேப்பெண்ணெய்க் கிண்ணம். அதே கோழி, புதுக் கூடையில், ஒன்பது முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. பெரியம்மா இரும்புத்துண்டும் மிளகாயும் போட்டார், நான் தடுக்கவில்லை. இன்று 16-ஆம் நாள். ராத்திரி டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது.