மகாயுகத்தின் எண் 4,320,000

ஆலயத்தில் பூசை தொடங்குமுன் சிவாச்சாரியார் சங்கற்பம் செய்கையில், கலியுகத்தின் முதலாம் பாதத்தில் இவ்வழிபாடு நிகழ்கின்றது எனக் காலத்தைக் குறிப்பிடுவார். கலியுகம் 432,000 ஆண்டுகள் கொண்டது. அதன் காற்பங்கு 108,000. கி.மு. 3102 இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் இந்த யுகத்தில் 2025 சித்திரையோடு நிறைவெய்தியவை 5,126 ஆண்டுகளே. முதலாம் பாதம் முடிய இன்னும் ஓர் இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் உண்டு.

கலியின் இருமடங்கு துவாபரயுகம் (864,000), மும்மடங்கு திரேதாயுகம் (1,296,000), நான்மடங்கு கிருதயுகம் (1,728,000). நான்கையும் கூட்டக் கலியின் பத்து மடங்கான 4,320,000 வரும். இதுவே மகாயுகம். எந்த யுகத்தின் இலக்கங்களைக் கூட்டினாலும் 9 அல்லது 18 வருவதைச் சிலர் பேரதிசயமாகச் சொல்வதுண்டு. 432 ஒன்பதால் மீதியின்றி வகுபடுவதால் அதன் மடங்குகளும் அவ்வாறே வகுபடும். ஒன்பதால் வகுபடும் எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகையும் ஒன்பதால் வகுபடும். இது சாதாரண கணக்கே. அதிசயம் வேறிடத்தில் இருக்கின்றது.

இரண்டை எட்டுத் தடவையும், மூன்றை மூன்று தடவையும், ஐந்தை நான்கு தடவையும் எடுத்து ஒன்றாகப் பெருக்கினால் 4,320,000 கிடைக்கும். வேறு முதன்மை எண் எதுவும் இதற்குள் இல்லை. ஆகவே இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 180 உள்ளன. இராசி 12, நட்சத்திரம் 27, திதி 30, நாழிகை 60, செபமாலையின் மணி 108, வட்டத்தின் பாகை 360 யாவும் அவற்றுள் அடங்கும். பஞ்சாங்கம் கணிப்பவருக்கு இதைவிட வசதியான எண் கிடைப்பது அரிது.

ஆனால் இவ்வளவு பெரிய எண் ஏன்? சூரியன் ஒருமுறை இராசி மண்டலத்தைச் சுற்றி வருவதற்குள் சந்திரன் பதின்மூன்று முறைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றிவிடுகின்றது. அந்தச் 'சற்று' ஒரு பின்னம். சிறிய காலத்தை எடுத்தால் பின்னம் தொலையாது. காலத்தைப் பெரிதாக எடுத்தால் எல்லாவற்றையும் முழுவெண்ணிலேயே எழுதிவிடலாம். சூரிய சித்தாந்தம் இதையே செய்கின்றது. ஒரு மகாயுகத்தில் சூரியனுக்கு 4,320,000 சுற்றுகள், சந்திரனுக்கு 57,753,336 சுற்றுகள், நாட்கள் 1,577,917,828. சந்திரனின் சுற்றுகளிலிருந்து சூரியனின் சுற்றுகளைக் கழித்தால் 53,433,336. இது அமாவாசைகளின் தொகை. நாட்களை இதனால் வகுத்தால் அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.530588 நாட்கள் வரும். இன்றைய வானியலாளர் கூறுவது 29.530589. வித்தியாசம் ஒரு செக்கன்கூட இல்லை. தொலைநோக்கி இல்லாத காலத்தவர் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துத் திருத்தி வந்த கணக்கு இது.

சூரியனின் கணக்கு அவ்வளவு நுணுக்கமாக அமையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே நாட்தொகையை 4,320,000 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 37 செக்கன் வரும். இன்றைய அளவீட்டைவிட இது ஏறக்குறைய மூன்றரை நிமிடம் கூடுதல். ஆயிரம் ஆண்டில் இரண்டு நாளுக்கு மேலாகிவிடும். வாக்கிய பஞ்சாங்கம் தழுவும் ஆரியபட்டர் வழிக் கணக்கில் மகாயுகத்தின் நாட்கள் 1,577,917,500. சூரிய சித்தாந்தத்தைவிட 328 நாட்களே குறைவு என்பதால் அதன் ஆண்டு நீளமும் கிட்டத்தட்ட அதுவே. திருக்கணித பஞ்சாங்கமோ கிரக நிலைகளை இன்றைய அவதானிப்புக்கு ஏற்பத் திருத்திக் கணிக்கின்றது. இத்தகைய கணித வேறுபாடுகளாலேயே சில ஆண்டுகளில் ஒரே விரதம் ஓர் ஊரில் இன்றும் அயலூரில் நாளையும் வருகின்றது.