மாடியில் வைஃபை எடுக்கவில்லையா?

கான்கிரீட் தளம் தாண்டினால் சிக்னல் வெகுவாகத் தேய்ந்துவிடும். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை இறக்குங்கள். அதை மாடியில் வைத்து, கீழே உள்ள ரவுட்டருடன் இணைக்கக் கேபிள் மட்டும் வாங்கினால் போதும்.

1. ரீசெட் துளையில் ஊக்கு முனையை விட்டுச் சுமார் 10 விநாடி அழுத்துங்கள். பழைய பாஸ்வேர்டு அழியும்.

2. லேப்டாப்பை அதனுடன் மட்டும் கேபிளில் இணைத்து, பழைய ரவுட்டரின் ஐபி முகவரியை மாற்றுங்கள். கீழே 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2. ஒரே முகவரி என்றால் மோதும்.

3. டிஹெச்சிபி வசதியை அணையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முகவரி கொடுக்கும் வேலையை இரண்டு ரவுட்டர்களும் செய்தால், போனில் வைஃபை சின்னம் முழுதாகத் தெரியும், நெட் மட்டும் வராது.

4. கீழிருந்து வரும் கேபிளை லேன் துளையில் செருகுங்கள். பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் வேன் துளையில் வேண்டாம். அதில் செருகினால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும், கீழே உள்ள பிரிண்டர் தெரியாது.

5. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். படி ஏறும்போது போன் தானே மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 6 அல்லது 11.

மெனுவில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' இருக்கிறதா? அதைத் தேர்ந்தெடுங்கள், 2, 3 பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும்.